வன்னியிலிருந்து கருவளச் சிகிச்சைக்கு: ஒரு தனியார் நிலையம் பற்றிய மதிப்பீடு

கொழும்பில் ஆய்வுகூடத்தையும் யாழ்ப்பாணத்தில் வாரத்தில் சில நாட்கள் மட்டும் இயங்கும் ஆலோசனை அறையையும் கொண்ட தனியார் கருவளச் சிகிச்சை நிலையமொன்றில், கிளிநொச்சியிலிருந்து சென்று சிகிச்சை பெற்ற தம்பதியரில் ஒருத்தி என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். வருகை தரும் நிபுணரோ ஆய்வுகூடப் பொறுப்பாளரோ மாறிவிட்டால் அதே பெயர்ப்பலகையின் கீழ் இருப்பது வேறொரு நிலையமாகிவிடும் என்பது மற்றக் காரணம். ஆகவே, எந்த நிலையத்தின் வாசலிலும் கேட்கக்கூடிய கேள்விகளாகவே என் அனுபவத்தை எழுதியிருக்கிறேன்.

வன்னியிலிருந்து போகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது, எங்களுக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த நிலையம் தன்னுடைய பொறுப்பாகவும் எடுத்துக்கொள்கிறதா என்பதைத்தான். முட்டையை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எப் சிகிச்சையில், முட்டைகளை வளர்க்கும் ஊசிகள் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் வரை போடப்படுகின்றன. ஐந்தாம் அல்லது ஆறாம் நாளிலிருந்து இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கவேண்டும். முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசியைப் போட்டபின் 34 முதல் 36 மணித்தியாலங்களில் முட்டைகளை எடுத்தாகவேண்டும். கொழும்பில் வசிப்பவர் இவற்றில் பெரும்பாலானவற்றை வேலைக்குப் போகும் வழியில் முடித்துக்கொள்ளலாம். புதுக்குடியிருப்பிலிருந்து முதல் பேருந்தில் பரந்தனுக்கு வந்து, ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் சென்று, ஸ்கேன் பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு முழுநாள். கொழும்பென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவுப் பயணமும் வெள்ளவத்தையில் அறை வாடகையும் சேர்ந்துவிடும்.

நாங்கள் முதலில் விசாரித்த இடத்தில், இரத்தப் பரிசோதனை உட்பட எல்லாவற்றுக்கும் கொழும்புக்கே வரவேண்டும் என்றும் வெளி அறிக்கைகளை ஏற்கமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். முட்டைப் பைகளை அளக்கும் ஸ்கேனை ஒரே கை செய்வது நல்லது என்பதில் நியாயம் இருக்கிறது. தைரொயிட், புரொலக்ரின், ஏ.எம்.எச் போன்ற ஹோர்மோன் இரத்தப் பரிசோதனைகளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. இரத்த மாதிரியைக் கிளிநொச்சியில் கொடுத்துவிட்டுத் தரமான ஆய்வுகூடமொன்றின் அறிக்கையை அனுப்பினால் போதும். நாங்கள் இறுதியில் தெரிவுசெய்த நிலையம், முதல் சந்திப்பின் முடிவிலேயே ஒரு தாளை மூன்று நிரல்களாகப் பிரித்து, கிளிநொச்சியில் செய்யக்கூடியவை, யாழ்ப்பாணத்தில் செய்யவேண்டியவை, கொழும்பில் மட்டுமே செய்யக்கூடியவை என்று எழுதித் தந்தது. அந்தத் தாள்தான் எங்களை அங்கே நிற்கவைத்தது.

தனியாரிடம் போவதற்கு முன்னர் அரச வைத்தியசாலையில் முடிக்கக்கூடியவற்றை முடித்துவிடுவது நல்லது. பன்னிரண்டு மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், பெண்ணுக்கு வயது 35 ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதங்களிலேயே, பரிசோதனையைத் தொடங்கவேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழிகாட்டல். பிரிவுக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் அவர் மகப்பேற்று நிபுணரின் கிளினிக்குக்கு வழிப்படுத்துவார். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்ட மகளிர் சுகாதாரச் சிறப்பு மையம் 2024 இல் திறக்கப்பட்டிருக்கிறது. அடிப்படைப் பரிசோதனைகளைக் காசு கொடுத்து இரண்டாந்தரம் செய்யவேண்டிய தேவை பலருக்கு இருக்காது. நாங்கள் கொண்டுபோன அரச வைத்தியசாலை அறிக்கைகளில் ஓராண்டுக்குட்பட்டவற்றை இந்த நிலையம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டதை அதன் நேர்மைக்குச் சான்றாகக் கொள்கிறேன்.

வரவேற்பறையில் பெரிய எழுத்தில் தொங்கும் வெற்றி வீதத்தைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். எத்தனை பேரில், எதை வெற்றியாக எண்ணி அந்த வீதம் வந்தது என்பதைக் கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை. இரத்தப் பரிசோதனையில் 'பொசிற்றிவ்' வந்ததை வெற்றி என்று எண்ணினால் ஒரு தொகை வரும். ஸ்கேனில் இதயத்துடிப்புத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணினால் அது குறையும். உயிரோடு பிறந்த குழந்தைகளை எண்ணினால் மேலும் குறையும். கரு வைக்கப்பட்டவர்களை மட்டும் கணக்கெடுத்து, ஊசி தொடங்கி இடையில் கைவிடப்பட்டவர்களை விட்டுவிட்டாலும் வீதம் உயர்ந்துவிடும். பிரித்தானியாவில் 1991 முதல் இயங்கும் மனிதக் கருத்தரிப்பு மற்றும் முளையவியல் அதிகாரசபை, ஒவ்வொரு நிலையத்தின் புள்ளிவிவரங்களையும் ஒரே அளவுகோலில் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. அங்கே 35 வயதுக்குட்பட்ட பெண்களில்கூட, வைக்கப்படும் கரு ஒன்று குழந்தையாகப் பிறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நாற்பதைத் தாண்டினால் வேகமாக வீழ்கிறது. ஆகவே எங்கள் பக்கத்தில் எவராவது எல்லா வயதினருக்கும் நூற்றுக்கு அறுபது, எழுபது என்று சொன்னால், "என் வயதுடைய பெண்களில், ஊசி தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள்?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். இந்த நிலையத்தின் வைத்தியர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கவில்லை. ஆனால் வாயால் சொன்னாரே தவிர எழுத்தில் தரவில்லை. அதனை ஒரு குறையாகவே பதிகிறேன். எங்களுக்குக் கிடைத்த பலன் என்ன என்பதையும் இதே காரணத்தினால் இங்கு எழுதவில்லை. ஒரு தம்பதியரின் பலனைக்கொண்டு நிலையத்தை அளக்க முடியாது.

நிபுணர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவுபெற்றவரா என்பதையும், நிலையம் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது எளிது. அதற்குமேல் இங்கு எழுத ஒன்றுமில்லை.

எந்த விளம்பரத்திலும் பேசப்படாத விடயமொன்று எங்கள் பிரதேசத்தவருக்கு இருக்கிறது. பதிவுப் படிவத்தில் 'முன்னர் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகள்' என்றொரு வரி வரும். 2009 இல் வயிற்றில் ஷெல் துண்டு பட்டு, எந்த இடத்தில், எந்த வைத்தியர், எதை வெட்டினார், எதைத் தைத்தார் என்று எந்தத் துண்டும் கையில் இல்லாமல் முகாமுக்கு வந்துசேர்ந்த பெண் அந்த வரியில் எதை எழுதுவாள்? வயிற்றினுள் நடந்த காயமும் அவசரச் சத்திரசிகிச்சையும் கருக்குழாய்களை ஒட்டவைத்துவிடலாம். சூலகத்தை அதன் வழமையான இடத்திலிருந்து இழுத்துவிடலாம். அப்படியானால் முட்டை எடுக்கும் ஊசி போகும் பாதையே மாறும். உடலில் உலோகத் துண்டு இருப்பவர் எம்.ஆர்.ஐ எடுக்கும் நிலை வந்தால் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். நெஞ்சிலே காயப்பட்டவரை மயக்கமருந்து வைத்தியர் தனியாகப் பார்க்கவேண்டும். முள்ளந்தண்டில் காயப்பட்ட ஆண்களுக்கு விந்து வெளியேறுவதிலேயே தடை இருக்கலாம். அவர்களில் பலருக்கு விதையிலிருந்து ஊசிமூலம் விந்தணுவை எடுத்து, 1992 இல் பெல்ஜியத்தில் முதன்முதலாக வெற்றிகண்ட இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்த முடியும். இந்த வசதி இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் வீண் பயணம் மிச்சம்.

இவ்விடத்தில் அந்த வைத்தியரைப் பாராட்டத்தான் வேண்டும். என் தழும்பைப் பார்த்தபின் கோப்பின் உட்பக்கத்தில் பேனையால் ஒரு வயிற்றின் உருவை வரைந்து, தழும்பின் நீளத்தையும் சாய்வையும் அதில் கோடிட்டு, பக்கத்தில் ஆண்டை எழுதினார். எங்கே நடந்தது, யார் யாரை இழந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் கேட்டார். அதன்பின்னர் கருக்குழாய்களைச் சாயம் செலுத்திப் பார்க்கும் எக்ஸ்ரேயைக் கட்டாயமாக்கினார். ஆனால் அதே நிலையத்தின் வரவேற்பு மேசையில், பத்துப் பேர் இருக்கும் இடத்தில், "ஏன் இவ்வளவு பிந்தி கலியாணம் செய்தனீங்கள்?" என்று பதிவு எழுதுபவர் சத்தமாகக் கேட்டார். வன்னியில் எத்தனையோ பெண்களுக்குத் திருமணம் பிந்தியதன் காரணம் ஊருக்கே தெரியும். அந்த மேசையை ஒரு தடுப்புக்குப் பின்னால் வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

கணவரின் பரிசோதனையை முதலிலேயே செய்யச் சொல்லும் நிலையத்தை நம்பலாம். பெண்ணுக்கு வலியும் செலவும் மிகுந்த பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின்னர், கடைசியில் கணவரிடம் ஒரு சிறு போத்தலை நீட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவைத் தவிர்த்திருக்கவேண்டும். எடுத்த மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தை அடையவேண்டும். ஆனையிறவைக் கடந்து போகிற எங்களால் வீட்டிலிருந்து மாதிரியைக் கொண்டுபோக முடியாது, அங்கேயே எடுக்கவேண்டும். ஆகவே அதற்கான அறை எப்படியிருக்கிறது என்பது எங்களுக்கு ஆடம்பரமான கேள்வியல்ல. யாழ்ப்பாண அறையில் அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது ஊழியர்களும் பாவிக்கும் மலசலகூடம். கதவின் கொளுக்கி சரியாகப் பூட்டவுமில்லை. கொழும்பில் தனி அறை, கைகழுவும் தொட்டி, மாதிரியை நேரே ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும் சிறு யன்னல் எல்லாம் இருந்தன. முதல் அறிக்கை குறைவாக வந்தால் மனமுடையத் தேவையில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூல் ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் விந்தணுக்களைக் கீழெல்லையாகக் காட்டுகிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பிள்ளையே பிறக்காது என்பது அதன் பொருளன்று.

தயாராவதற்கு மூன்று மாதங்கள் வேண்டும் என்று நிலையம் சொன்னபோது, இழுத்தடிக்கிறார்கள் என்றே வீட்டில் பேச்சு வந்தது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாட்கள் எடுக்கும் என்பதால், இன்று விட்ட சிகரெட்டின் பலன் அடுத்த மாதத்து அறிக்கையில் தெரியாது. வயலுக்கு மருந்தடிப்பவர்கள் அந்தக் காலத்தில் அந்த வேலையை இன்னொருவரிடம் விடுவது நல்லது. பெண் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தை முன்கூட்டியே எடுக்கத் தொடங்கவேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடமே அது கிடைக்கும். ருபெல்லாத் தடுப்பூசி போட்ட அட்டை இடப்பெயர்வில் தொலைந்துபோனவர்கள், போட்டதாக நினைவு என்று விட்டுவிடாமல் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகப் போட்டால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கவேண்டும். இருவரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய்க்கான பரிசோதனை செய்துகொள்வதும் இந்த இடைவெளியில் முடியும். காலபோக அறுவடை நடக்கும் மாதங்களில் சிகிச்சையைத் தொடங்கவேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னவர் அந்த நிலையத்தின் தாதியொருவர். அவரும் வயல்காணியுள்ள வீட்டுப் பிள்ளைதான். வட்டாப்பளைப் பொங்கலுக்கோ புதூர் நாகதம்பிரானுக்கோ நேர்த்தி வைத்து விரதமிருப்பவர்கள் அதனை மறைக்காமல் சொல்லச் சொன்னவரும் அவரே. விரதத்தை எவரும் தடுக்கவில்லை. மாத்திரை நேரந்தான் தவறக்கூடாது.

ஊசிமருந்தைக் கொண்டுவந்து வைத்திருப்பதுதான் வன்னியில் பெரும் பாடு. இம்மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்கவேண்டும். சில பேனா ஊசிகளை 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் மூன்று மாதம் வரை வெளியில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். கிளிநொச்சியில் பகலில் அப்படியொரு இடத்தைக் குளிரூட்டிய அறையிலன்றிக் காணமுடியாது. நிலையம் மருந்தைச் சிறு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பொதிகளோடு தந்தது. ஐஸ் மருந்தில் நேரே படாமலிருக்க நடுவில் மடித்த துணியொன்றை வைத்து, உறைந்த ஊசி கெட்ட ஊசிதான் என்று தாதி இரண்டுமுறை சொன்னார். பேருந்தில் பெட்டியை இயந்திரத்துக்கு அருகிலோ மேல்தட்டிலோ வைக்காமல் மடியில் வைத்திருக்கவேண்டும். வீட்டில் குளிர்சாதனப்பெட்டி இல்லாதவர்கள் அயலிலுள்ள மருந்துக்கடையில் பேசி வைக்கலாம். எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர் காசு வாங்கவில்லை.

ஊசியைப் போடுவது யார் என்பதையும் முன்னரே ஒழுங்கு செய்யவேண்டும். பேனா ஊசியை நாமே வயிற்றுத் தோலில் போடப் பழகிவிடலாம். தூளைக் கரைத்துப் போடுபவற்றுக்குத் தெரிந்த தாதியொருவர் இருந்தால் நிம்மதி. எல்லாவற்றிலும் கண்டிப்பானது கடைசி ஊசி. முட்டை எடுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அதன் நேரம் குறிக்கப்படுவதால், அது பெரும்பாலும் இரவில் வரும். அன்றிரவு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது: "அக்கா, பத்து மணிக்குப் போடவேணும். போட்டவுடன ஊசியையும் மணிக்கூட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ." இரவு பத்து மணிக்கு எங்களுக்காக ஒருவர் விழித்திருந்தார், நாங்கள் கொடுத்த பணத்தில் பெறுமதியாகச் செலவானது இந்த ஒழுங்குக்குத்தான் என்று நினைக்கிறேன். அந்த ஊசியின்போது ஏற்கெனவே கொழும்பில் தங்கியிருப்பதே பாதுகாப்பு. புகையிரதத் தாமதத்தை நம்பி முட்டைகளை விடமுடியாது.

பணத்தைப் பற்றி: முதலில் வாயால் சொன்ன தொகைக்குள் ஊசிமருந்து, மயக்கமருந்து வைத்தியரின் கட்டணம், மிஞ்சும் கருக்களை உறையவைத்தல், அவற்றின் வருடாந்த வைப்புக் கட்டணம் எதுவும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து எழுதச் சொன்னபின் வந்த தொகை பத்து இலட்சம் ரூபாயை நெருங்கியது. எழுதிக்கேட்டால் எழுதித் தருகிறார்கள், கேட்காதவர்களுக்குத் தருவதில்லை. வங்கியில் நகையை அடகு வைத்தோ வெளிநாட்டு உறவுகளின் உதவியோடோதான் எங்கள் பக்கத்தில் பலர் இதைச் சமாளிக்கிறார்கள். வாராவாரம் வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடனை எடுத்து இச்சிகிச்சைக்குப் போவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருமுறையில் பலிக்காத வாய்ப்பே அதிகமான ஒன்றுக்கு அந்தக் கடன் பொருந்தாது. சென்னைக்குப் போகலாம் என்ற ஆலோசனையும் எங்களுக்கு வந்தது. பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, மொழிச் சிக்கலும் இல்லை. ஆனால் உறைந்த கரு அங்கேயும் நாங்கள் இங்கேயுமாக இருப்போம் என்பதால் விட்டுவிட்டோம்.

கட்டணச் சிட்டையின் நடுவில் 'கருப்பை உட்சுவரைக் கீறுதல்' என்றொரு வரியும் இருந்தது. 1,364 பெண்களில் செய்யப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில் அதனால் பிறப்பு வீதம் கூடவில்லை. அதைச் சொல்லிக் கேட்டபோது வைத்தியர் வாதிடாமல் வெட்டிவிட்டார். அவ்வளவு எளிதில் வெட்டக்கூடிய வரி எப்படிச் சிட்டைக்குள் வந்தது என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

சம்மதப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. எத்தனை கருக்கள் வைக்கப்படும், மிஞ்சியவை எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும், துணைவரில் ஒருவர் இறந்தால் அவற்றுக்கு என்ன நடக்கும் என்பன போன்ற கனமான முடிவுகளை, சத்திரசிகிச்சை ஆடை அணிந்தபின் நீட்டப்பட்ட தாளில் ஒப்பமிடச் சொல்வது எந்த வகையிலும் சரியன்று. நாங்கள் மறுத்து, ஒரு நாள் முன்னதாகவே வாங்கி, தமிழ் பேசும் தாதியின் உதவியோடு வரி வரியாக வாசித்தோம். ஒரே கருவை வைப்பதென முடிவெடுத்ததும் அந்த வாசிப்பின் பின்னர்தான். இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஊரில் மகிழ்வார்கள், ஆனால் குறைமாதப் பிறப்பின் ஆபத்து தாய்க்கும் பிள்ளைகளுக்குந்தான். உறைந்த கருக்கள் மறை 196 பாகையில் திரவ நைதரசனில் இருப்பதால் மின்வெட்டு அவற்றை உடனே பாதிக்காது. கருக்களை வளர்க்கும் பெட்டிகளுக்கோ இடைவிடாத மின்சாரம் வேண்டும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்டில், மின்பிறப்பாக்கி இருக்கிறதா, நைதரசன் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகாது. இந்த நிலையம் இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொன்னது.

முட்டை எடுத்தபின் வீடு திரும்பும் பயணத்தில்தான் தூரம் ஆபத்தாக மாறக்கூடும். சூலகங்கள் மருந்தினால் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுவிட்டால் சில நாட்களில் வயிறு வேகமாக வீங்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும். இந்த நிலையம் நாங்கள் கேளாமலே, கொடுக்கப்பட்ட மருந்துகளும் அளவுகளும் தங்கள் தொலைபேசி இலக்கமும் எழுதிய கடிதமொன்றைக் கிளிநொச்சி வைத்தியசாலைக்கென முகவரியிட்டுத் தந்தது. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், நடந்தது என்னவென்று வாயால் விளக்கிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. கருவை வைத்தபின் நாட்கணக்கில் படுத்திருக்கத் தேவையில்லை என்றும் வழமைபோல் நடமாடலாம் என்றும் சொன்னார்கள். அதை என் மாமியை நம்பவைக்க மட்டும் எந்த நிபுணராலும் முடியவில்லை.

சிகிச்சை முடிந்ததும் கோப்பின் பிரதியை அன்றைக்கே வாங்கிவிடவேண்டும்: எத்தனை முட்டைகள் எடுக்கப்பட்டன, எத்தனை கருவாகின, எந்த நாளில் எந்தத் தரத்தில் இருந்தன, எத்தனை உறையவைக்கப்பட்டன என்ற ஆய்வுகூட அறிக்கை அதில் இருக்கவேண்டும். அடுத்தமுறை வேறொரு வைத்தியரிடம் போனாலும் மருந்தின் அளவைத் தீர்மானிக்க அவருக்கு அதுவே வேண்டும். எங்களுக்கு வெறும் கட்டணச் சிட்டையும் ஒரு பக்கச் சுருக்கமுந்தான் முதலில் தரப்பட்டன. முழு அறிக்கைக்கு எழுத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி, பிரதிக்குத் தனிக் கட்டணமும் அறவிட்டு, தபாலில் அனுப்பினார்கள். வைத்தியர் வரைந்த அந்த வயிற்றுப் படம் அதில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை, மறுபடி கேட்டு வாங்கினோம்.